விளக்குத்தூண் வாசலில் ஒரு புடவையின் நிறம்

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் தினமும் காணக் கிடைக்கிற காட்சி இது. புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்த அம்மா ஒருவர், மனசு நிறையாமல், "வெளிச்சத்துல ஒருதரம் பாத்துக்கிறேன் தம்பி" என்று வாசலைப் பார்த்து நடப்பார். கடைப்பையன் முகம் சுளிக்க மாட்டான். இன்னும் இரண்டு புடவைகளை அள்ளிக்கொண்டு பின்னாலேயே வருவான். தலைக்கு மேல் நூறு விளக்கு எரியும் கடைக்குள் நின்றுகொண்டு 'வெளிச்சத்துல பாக்கணும்' என்று கேட்பது இருவருக்குமே விநோதமாகப் படுவதில்லை. உள்ளே கருநீலமாக இருந்தது தெருவுக்கு வந்ததும் கத்தரிப்பூ நிறமாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

இந்தக் கூத்து நடக்கிற இடத்தின் பெயரிலேயே விளக்கு இருப்பது தற்செயல்தான். 1840-களில் மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் பழைய கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊர் வெளியே விரிய வழி செய்தார். அவர் நினைவாக நிறுத்தப்பட்ட இரும்பு விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். அன்றைய கவலை, தெருவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது. இன்றைக்கு வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் வெளிச்சம் இறைபடுகிறது. ஆனால் காய் நறுக்குகிற பலகையில் இருட்டு, தூங்கப்போகிறவர் கண்ணில் பளிச்சென்று ஒரு விளக்கு. கட்டடத்துக்குள் வெளிச்சத்தைத் திட்டமிடுவது தனிப் படிப்பாக வளர்ந்திருப்பது இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான். அதன் அரிச்சுவடியை மதுரையைச் சுற்றி வந்தே கற்றுக்கொண்டுவிடலாம்.

புடவையிலேயே தொடங்கலாம். ஒரு துணி, தன்மேல் விழும் ஒளியில் எந்த நிறங்களைத் திருப்பி அனுப்புகிறதோ அவைதான் கண்ணுக்கு எட்டும். விழும் ஒளியில் இல்லாத நிறத்தைத் துணியால் திருப்பி அனுப்ப முடியாது. வெயிலில் எல்லா நிறமும் தொடர்ச்சியாக உண்டு. வீட்டு எல்இடி விளக்கின் உள்ளே இருப்பதோ நீல ஒளி தரும் ஒரு சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் பூச்சு நீலத்தில் ஒரு பங்கை மற்ற நிறங்களாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. மலிவான விளக்குகளில் அடர்சிவப்பின் பங்கு குறைந்துபோகும். அரக்கு, குங்குமம், தக்காளி, மனித முகம் எல்லாம் அங்கே சற்றுச் செத்த நிறத்தில் தெரிவது அதனால்தான்.

விளக்கு நிறத்தை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். பழைய குண்டு பல்புக்கு ஏறக்குறைய 100. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் எல்இடி விளக்குகள் 80 வாக்கில் நிற்கும். நல்லவை 90-ஐத் தாண்டும். பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் இந்த எண்ணை விலை கேட்பதற்கு முன்னால் பார்க்கிறவர்கள் குறைவு.

வேட்டிக்கு வேறு கதை. வேட்டியிலும் சட்டையிலும் வெண்மை கூட்டச் சேர்க்கும் ரசாயனம், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும். 'பளீர்' என்று வேட்டி தெருவில் ஜொலிப்பது அந்த உபயம். சாதாரண எல்இடியில் புற ஊதா இல்லாததால் அதே வேட்டி மண்டபத்துக்குள் கொஞ்சம் வாடிப்போகிறது. சலவைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

*

விளக்கு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதை. வாட் கரண்ட் பில்லின் கணக்கு. விளக்கு மொத்தமாக வெளியே விடும் ஒளியை லூமன் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் ஒளியை லக்ஸ் என்றும் அளக்கிறார்கள். மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். மதகில் திறந்துவிட்டது லூமன். தன் வயலில் வந்து நின்றது லக்ஸ். நடுவில் வாய்க்கால் எப்படிப் போகிறது, எங்கே கசிகிறது என்பதுதான் ஒளி வடிவமைப்பு முழுவதும்.

60 வாட் குண்டு பல்பு 700 லூமன் சொச்சம் தந்தது. இன்றைய 9 வாட் எல்இடி ஏறக்குறைய 900 லூமன் தருகிறது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டம் அந்த 9 வாட் பல்பை நாடெங்கும் கோடிக்கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்து விலையையும் இறக்கியது. மின்சாரம் மிச்சமானது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது: இரண்டு விளக்கு எரிந்த ஹாலில் பால்ஸ் சீலிங் போட்டு இருபது விளக்குகளைப் பதிக்கும் வழக்கம் வந்தது. மொட்டை மாடியில் நட்சத்திரம் போதாதென்று கூரைக்கு உள்பக்கமும் வானத்தை இறக்கிவிட்டோம்.

தூரத்தின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மெழுகுவர்த்திச் சுடரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்த காகிதத்தில் விழுவது சுமார் ஒரு லக்ஸ். அரை மீட்டருக்கு நெருங்கினால் அது நாலு லக்ஸ். இரண்டு மீட்டருக்கு விலகினால் கால் லக்ஸ். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். எட்டாத உயரத்துக் கூரையில் பெரிய விளக்கைப் போடுவதைவிட மேசைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கை வைப்பது ஏன் மேல் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

*

சித்திரை வெயிலில் நேரே விழும் ஒளி ஒரு லட்சம் லக்ஸ். அந்த வெயிலில் சித்திரை வீதியைக் கடந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைகிறவர் கண் என்ன பாடுபடும்! கோயிலைக் கட்டியவர்கள் அந்தக் கண்ணுக்குப் படி கட்டியிருக்கிறார்கள். கோபுர வாசலின் நிழல், பிறகு மண்டபம், பொற்றாமரைக் குளத்தின் திறந்த வானம், மறுபடி தூண்களின் இடையே மங்கல், கடைசியில் கருவறையின் எண்ணெய் விளக்கு. கண்ணின் பாவை சில விநாடிகளில் விரிந்துவிடும். விழித்திரை இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். வரிசையில் நின்று நகர்ந்து நகர்ந்து சந்நிதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பழக்கத்தில் பெரும்பங்கு முடிந்துவிடுகிறது. வெளியே இருந்து நேராக வந்து நின்றால் கண்ணுக்கே தெரியாத சுடர், அங்கே முகத்தையும் மாலையையும் காட்டப் போதுமானதாகிறது.

2018 முதல் இந்தக் கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை. லக்ஸ் அளக்கும் செயலியோடு உள்ளே போக முடியாது. ஒரு வகையில் நல்லது. கண் அளப்பதைச் செயலி அளக்காது. கருவிக்குத் தெரிந்தது எத்தனை லக்ஸ் என்பது மட்டுமே. எதற்குப் பக்கத்தில் எது பிரகாசமாக இருக்கிறது என்பதைத்தான் கண் பார்க்கிறது.

அமெரிக்காவில் கட்டட ஒளியமைப்பைத் தனித் தொழிலாக நிலைநிறுத்திய முன்னோடிகளில் ஒருவர் ரிச்சர்ட் கெல்லி. வெளிச்சத்தின் வேலையை அவர் 1950-களில் மூன்றாகப் பிரித்தார். எங்கும் பரவி நிழலை மழுக்கும் பொது வெளிச்சம் ஒன்று. 'இங்கே பார்' என்று ஓரிடத்தைக் காட்டும் குறிவெளிச்சம் இரண்டாவது. மினுக்குகிற, கண்ணைச் சீண்டுகிற சிறு பொறிகள் மூன்றாவது. இந்தப் பாடம் மதுரைக்காரருக்குப் புதிது போலத் தோன்றாது. குளத்தங்கரைப் பிராகாரத்தில் பரவிக் கிடப்பது முதல் வகை, சந்நிதித் தீபம் இரண்டாவது, தீபாராதனையில் சட்டென்று மின்னி மறையும் மூக்குத்தி மூன்றாவது. நம் ஹாலில் கூரை முழுக்கச் சமமாக விளக்குகளைப் பதிக்கும்போது முதல் வகையை மட்டும் மூன்று மடங்காக ஊற்றுகிறோம். எல்லாம் தெரிகிறது, எதுவும் எடுப்பாகத் தெரிவதில்லை.

*

இரவுக்கு விளக்கு உண்டு. பகலிலும் விளக்கு எரிகிற வீடுகள்தான் மாசி வீதி, ஆவணி மூல வீதிச் சந்துகளில் அதிகம். ஒட்டிக்கட்டிய வீடுகள், பக்கச் சுவர் இரண்டும் அண்டை வீட்டுக்காரருடையவை. முன்வாசலும் கொல்லையும் விட்டால் வெளிச்சம் வர ஒரே வழி நடுவில் இருந்த முற்றம். அதைத்தான் முதலில் மூடினார்கள்.

ஜன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் அறைக்குள் உருப்படியாக எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது: ஜன்னல் மேல்விளிம்பின் உயரத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. நம் வீடுகளில் லிண்டல் ஏழடியில் ஓடுகிறது. ஆகவே பதினாலு, மிஞ்சினால் பதினேழு அடி. அதற்கு அப்பால் இருக்கிற அறைக்கு மேலிருந்து வெளிச்சம் இறங்கினால்தான் உண்டு. பாட்டன் காலத்து வீட்டில் கூரைக்குக் கீழே வைத்த வென்டிலேட்டர் காற்றுக்கு மட்டும் வைத்ததில்லை. அது மேல்விளிம்பை உயர்த்தி வெளிச்சத்தையும் உள்ளே தள்ளியது.

முற்றத்தின் சூட்சுமம் பார்க்கவேண்டுமானால் காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போகலாம். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். வெயில் முற்றத்துத் தரையில் விழுகிறது, அங்கிருந்து எழும்பி வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் பரவுகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கிய சுவர், வாங்கிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் எழுபது, எண்பது சதவீதத்தைத் திருப்பும். கருத்த மரப்பலகை பத்துப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ளும். 'வால்நட் ஃபினிஷ்' பலகையால் ஒரு சுவரை முழுக்க மூடிவிட்டு, 'ரூம் டல்லா இருக்கு' என்று இன்னும் நாலு விளக்கு சேர்க்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதே வித்தையின் ராஜ வடிவம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் உச்சிவேளையில் நின்று, வெயிலைப் பார்க்காமல் சுற்றியுள்ள வளைவுகளின் உட்புறத்தைப் பார்க்கவேண்டும். சூரியன் மேலே, வளைவுகளின் அடிவயிறோ கீழிருந்து வெளிச்சம் பெறுகிறது. தரைதான் அங்கே விளக்கு. சுதையால் மெழுகிய பெருந்தூண்கள் அந்த ஒளியைக் கைமாற்றிக் கைமாற்றி மண்டபத்தின் ஆழம் வரை கொண்டுபோகின்றன. இன்றைய உள்அலங்காரக்காரர்கள் கூரை ஓரத்தில் எல்இடி பட்டையை ஒளித்து வைத்து 'கோவ் லைட்' என்று செய்வது இந்தத் தத்துவத்தின் கடைக்குட்டி. இரண்டிலும் ஒளியின் மூலம் கண்ணில் படாது. வெளிச்சம் பட்ட பரப்பு மட்டும் படும்.

மேல்நாட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தால் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஓவியர்கள் வடக்கு ஜன்னலைத் தேடுவார்கள். அங்கே வடக்கிலிருந்து நேர்வெயில் அநேகமாக வராது. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்கே போய்விடுகிறது; ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வருகிறது. நடுவில் நாலு மாதத்துக்கு மேல் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். மேற்கு ஜன்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாயங்கால வெயில் படுத்த மேனிக்கு உள்ளே வரும்; சன்ஷேடு அதைத் தடுக்காது, வேப்பமரம் தடுக்கும்.

முற்றத்தை மூடியே ஆகவேண்டும் என்கிறவர்களின் நியாயமும் பொய்யில்லை. கொசு, திருடன், மழைச்சாரல். ஆனால் கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட்டைத் தட்டையாக அடித்துவிட்டால் வெளிச்சத்தோடு வெப்பமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். மூடியைத் தளத்துக்கு மேல் இரண்டடி தூக்கி, சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

*

இந்தியத் தரநிலை ஒன்றில் சுவாரசியமான ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பகல் வெளிச்சத்துக்கான ஐஎஸ் 2440, வெளியே வானம் தரும் ஒளியை 8,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டு, அதில் எத்தனை சதவீதம் எந்த அறைக்கு வரவேண்டும் என்று சொல்கிறது. சமையலறைக்கு 2.5 சதவீதம், அதாவது 200 லக்ஸ். படிக்கும் அறைக்கு 150 சொச்சம். ஹாலுக்கு வெறும் 50. அடுப்படிக்கு ஹாலைப் போல நாலு மடங்கு!

நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். ஹாலில் காசைக் கொட்டிவிட்டு, கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் புழங்கும் சமையலறையில் ஒரே ஒரு டியூப்லைட்டை எதிர்ச்சுவரில் மாட்டிவிடுகிறார்கள். மேடையைப் பார்த்து நிற்கிறவருக்கு விளக்கு முதுகுக்குப் பின்னால். அவர் நிழல் அவர் நறுக்கும் வெங்காயத்தின் மேலேயே விழும். சமைக்கிறவரைக் கேட்காமல் பாயின்ட் போட்டால் இப்படித்தான் ஆகும். மேடைக்கு மேலே உள்ள அலமாரியின் அடியில் ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் போதும். செலவு ஹாலின் ஒரு அலங்கார விளக்கைவிடக் குறைவு.

வயதையும் கணக்கில் எடுக்கவேண்டும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளித்துவிடுகிறது. "லைட்டப் போடுப்பா" என்று பகலிலேயே கேட்கும் ஆச்சி பிடிவாதக்காரியும் இல்லை, கரண்ட்டை வீணாக்குகிறவளும் இல்லை.

தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன்பே எலக்ட்ரீஷியன் பைப் பதித்துவிடுவார். சோபா எங்கே, கட்டில் எந்தத் திசையில் என்று முடிவாகும் முன்பே விளக்கின் இடம் முடிந்துபோகிறது. கட்டிலுக்கு நேர் மேலே கண்ணில் குத்தும் டவுன்லைட் வந்து சேர்வது இப்படி. இன்னொரு வழக்கமான தவறு, பால்ஸ் சீலிங் விளக்கை ஃபேன் இறக்கைக்கு மேலே வரும்படி பதிப்பது. இறக்கை ஒவ்வொரு முறை வெட்டும்போதும் வெளிச்சம் விட்டு விட்டு விழும். பத்து நிமிடத்தில் தலைவலி. காரணம் தெரியாமல் கண் டாக்டரைப் பார்க்கப் போவார்கள்.

வெள்ளையா மஞ்சளா என்ற பஞ்சாயத்து எல்லா வீட்டிலும் உண்டு. ஒளியின் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள். 2,700, 3,000 என்றால் விளக்குச்சுடரின் மஞ்சள் சாயல். 6,500 என்றால் கடைகளில் 'கூல் டே லைட்' என்று விற்கும் நீலம் கலந்த வெள்ளை. நம்மவர்கள் வெள்ளையையே கேட்கிறார்கள். மஞ்சள் என்றால் லோ வோல்டேஜில் அழுத குண்டு பல்பின் ஞாபகம் வருகிறது போலும். வெக்கையான ஊரில் வெள்ளை குளுமையாகத் தோன்றுவதும் உண்மை. ஆனால் இரவில் நீலம் மிகுந்த வெளிச்சம், உறக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். படுக்கையறைக்காவது மஞ்சள் போடலாம்.

*

வெளிச்சம் விழும் கோணம் எவ்வளவு பேசும் என்பதைக் கீழடியில் கிடைத்ததுபோன்ற ஒரு பானை ஓட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தின் பெருமையே தமிழி எழுத்துகள் கீறிய ஓடுகள். கீறல் என்பது மயிரிழை ஆழம். நேர் எதிரிலிருந்து வெளிச்சம் பாய்ச்சினால் அது மறைந்துபோகும். பக்கவாட்டில், பரப்பை உரசியபடி ஒளி வந்தால் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் முளைத்து எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டு படிக்கிறவர்கள் காலை, மாலைச் சாய்வெயிலுக்குக் காத்திருப்பதும் இதற்காகத்தான். அதே உரசும் வெளிச்சத்தை வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக விட்டால் கொத்தனார், பட்டி பூசியவர் இருவரின் பிழைகளும் எழுத்துப்போலவே எழுந்து நிற்கும். கருங்கல் பதித்த சுவருக்கு அழகு; பட்டிச் சுவருக்கு வம்பு.

தமுக்கத்தில், ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-இல் தொடங்கிய காந்தி நினைவு அருங்காட்சியகம் வேறொரு பாடத்தை நினைவூட்டுகிறது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே காட்சியில் இருக்கிறது. ஒளி துணியைத் தின்னும். சாயத்தை வெளுக்கும், நூலை நொறுக்கும், போன உயிர் திரும்பாது. பழந்துணிகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம் என்பது உலக அருங்காட்சியகங்களின் வழக்கமான வரம்பு. நாளுக்கு எட்டு மணி நேரம், வருஷத்தில் முந்நூறு நாள் அந்த 50 லக்ஸில் ஒரு துணியை வைத்தால் அது வாங்கும் மொத்த ஒளியை, மதுரை வெயில் ஒன்றேகால் மணி நேரத்தில் கொடுத்துவிடும். பாட்டியின் கூறைப்புடவையைச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்ட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

*

படிக்க விரும்புகிறவருக்கு மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைப் படிப்பு இருக்கிறது. கணினியில் அறையை வரைந்து எங்கே எத்தனை லக்ஸ் விழும் என்று காட்டும் டயாலக்ஸ் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசியின் லக்ஸ் செயலி துல்லியமில்லை. ஆனால் இந்த மூலையைவிட அந்த மூலை எத்தனை மடங்கு என்று ஒப்பிடப் போதும். மலிவு விளக்கு துடிக்கிறதா என்று பார்க்க அதே கைப்பேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். 2023 ஜூலையில் திறந்த புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பளபளப்பான அட்டைப் புத்தகத்தோடு உட்கார்ந்து, எந்த இருக்கையில் விளக்கின் பிம்பம் பக்கத்தில் விழாமல் இருக்கிறது என்று தேடுவதும் ஒரு பயிற்சிதான்.

எல்லாவற்றிலும் எளியது செருப்புப் பெட்டி. பகல் வெளிச்சத்துக்கு ஒரு நல்ல குணம்: அறையை அளவு குறைத்துச் செய்தாலும், உள்ளே அதே விகிதத்தில்தான் பரவும். அட்டைப் பெட்டியில் அறையின் அளவுப்படி ஜன்னல் வெட்டி, உள்ளே சுவருக்கு உள்ள நிறத்தில் காகிதம் ஒட்டி, மொட்டை மாடியில் வைத்து ஒரு துளை வழியாகப் பார்த்தால் கட்டப்போகும் அறையின் வெளிச்சம் இன்றைக்கே தெரிந்துவிடும். சன்ஷேடை நீட்டலாம், ஜன்னலை உயர்த்தலாம், செலவு ஒரு பிளேடு. ஏப்ரல் நடுவில் பகல் 12 மணி 18 நிமிட வாக்கில் வைத்தால் இன்னொன்றும் காணலாம். பக்கத்தில் நிறுத்திய குச்சிக்கு நிழலே இருக்காது. பெட்டியின் நாலு பக்க ஜன்னலிலும் ஒரு பொட்டு வெயில் நுழையாது. மேல் அட்டையில் முற்றத்துக்கென்று வெட்டிய சதுரம் மட்டும் அப்படியே தரையில் வந்து உட்கார்ந்திருக்கும்.